தூண்டில் வாங்கியாச்சு, ஆறு எங்கே?

வெள்ளகோவிலில் இருந்து பரிசல் ஏறி மீன் பிடிக்கப் போகிறோம் என்று யாராவது சொன்னால் கேட்கிறவர் முதலில் சிரிப்பார். சிரிப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஊருக்கு வடக்கே நொய்யல், தெற்கே அமராவதி. இரண்டுமே ஊரைத் தொடாமல் ஒதுங்கியே போய்க் காவிரியில் சேர்ந்துவிடுகின்றன. பிஏபி பாசனத்துக்கு வெள்ளகோவில் பக்கம் கடைமடை. கீழ்பவானி வாய்க்கால் 200 கிலோமீட்டர் ஓடிக் களைத்து முடிகிற மங்களப்பட்டியும் பக்கத்து முத்தூர் வட்டாரம்தான். ஆக, இரண்டு பெரிய வாய்க்கால்களுக்கு வால் நுனியில் உட்கார்ந்திருக்கிற ஊர். எல்லாரும் குடித்துக் குளித்துப் பாய்ச்சியது போக மிச்சம் இருந்தால் தண்ணீர் வரும். வட்டமலைக்கரை ஓடையில் ஒரு அணை உண்டு. வருடக்கணக்காக அதில் தண்ணீருக்குப் பதில் ஆடு மாடுதான் நின்றது. பிஏபி தண்ணீரை அங்கே திருப்பிவிட்டபோது ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு போய் வேடிக்கை பார்த்தார்கள். அணையில் தண்ணீர் இருப்பதை வேடிக்கை பார்க்கப் போன ஊர் வேறு எங்காவது உண்டா என்று தெரியவில்லை!

இந்த ஊரில்தான் நாலு பசங்களுக்கு ஆசை வந்தது. ஒருவன் வீட்டில் தறி. இன்னொருவன் அப்பா ரைஸ்மில்லில் கணக்கு எழுதுகிறார். மூன்றாமவன் திருப்பூரில் பனியன் கம்பெனி மெர்ச்சண்டைசர். நாலாமவன் கல்லூரி கடைசி வருடம், அது முடிந்தால் வெளிநாடு. எல்லாம் ஒன்றாவதில் இருந்து ஒரே பெஞ்ச். நாலாமவன் கிளம்பிவிட்டால் அடுத்து எல்லாரும் ஒன்றாகக் கூடுவது யாராவது ஒருத்தன் கல்யாணத்தில்தான் என்பது நாலு பேருக்குமே தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. "ஒரு டூர் போலாம்டா" என்று மட்டும் சொன்னார்கள்.

ஊட்டி, கொடைக்கானல், மூணாறு எல்லாம் முதல் பத்து நிமிடத்திலேயே அடிபட்டுப் போயின. கோவாவும் பேசப்பட்டது (கோவா எந்தக் கூட்டத்திலும் பேசப்படும், எந்தக் கூட்டமும் போகாது). கடைசியில் கல்லூரிப் பையன் ஒரு வீடியோ அனுப்பினான். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலமும் கனடாவும் தொட்டுக்கொள்கிற இடம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள். நாலு பேர் ஒல்லியான படகில் துடுப்புப் போடுகிறார்கள். ஏரி முடிந்ததும் இறங்கி, படகைக் கவிழ்த்துத் தோளில் சுமந்து காட்டு வழியாக அடுத்த ஏரிக்கு நடக்கிறார்கள். சாயங்காலம் தூண்டில் போட்டு, மீன் சுட்டு, கூடாரம் போட்டுத் தூங்குகிறார்கள். பார்க்கிற தூரத்துக்கு மனிதர்களே இல்லை.

பார்த்த ராத்திரி யாரும் சரியாகத் தூங்கவில்லை போலிருக்கிறது. மறுநாள் காலையிலேயே வாட்ஸப் குரூப்புக்கு "பரிசல் படை" என்று பெயர் மாறியிருந்தது.

அந்த வீடியோவில் காட்டாத சங்கதி ஒன்று உண்டு. அந்த இடத்துக்குள் நினைத்தபோது நுழைய முடியாது. மே 1 முதல் செப்டம்பர் 30 வரை ஒவ்வொரு நுழைவு வழிக்கும் ஒரு நாளைக்கு இத்தனை கூட்டம்தான் என்று கணக்கு. முன்கூட்டியே அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும். ஒரு கூட்டத்தில் 9 பேருக்கு மேல் கூடாது, படகு நாலுக்கு மேல் கூடாது. தகர டப்பா, கண்ணாடி பாட்டில் இரண்டும் உள்ளே கொண்டுபோகவே கூடாது. 1964ல் வந்த காட்டுவனச் சட்டத்தில் ஆரம்பித்து, 1978ல் அந்த ஏரிக்காட்டுக்கென்றே தனிச்சட்டம் போட்டுக் காப்பாற்றுகிறார்கள். ஆள் நடமாட்டமே இல்லாத மாதிரி தெரிகிறதே, அந்தத் தனிமைக்குப் பின்னால் ஒரு பெரிய ஆபீஸ் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கிறது. பாட்டில் விஷயத்தைக் கேட்டதும் ரைஸ்மில் பையன் முகம் கொஞ்சம் வாடியது உண்மை.

சரி, அங்கே கேனோ என்றால் இங்கே பரிசல். மூங்கில் பிளாச்சுகளைப் பின்னி, அந்தக் காலத்தில் எருமைத் தோல் போர்த்தி, இப்போது பிளாஸ்டிக் படுதா போர்த்தித் தார் பூசுகிறார்கள். மூக்கும் கிடையாது வாலும் கிடையாது, வட்டம். நீளப் படகு நேராக ஓடுவதற்காகச் செய்தது. பரிசல் அப்படி இல்லை. சும்மா விட்டால் சுற்றும். ஒற்றைத் துடுப்பால் முன்பக்கம் தண்ணீரை இழுத்து இழுத்துத்தான் அதை நேராகக் கொண்டுபோக வேண்டும். ஆனால் பாறைக்கு நடுவே, முழங்கால் தண்ணீரில், சுழலின் ஓரத்தில் நீளப் படகு திணறுகிற இடத்தில் பரிசல் தக்கை மாதிரி மிதந்து போய்விடும். ஆற்றோடு இறங்குவது சுலபம், எதிர்த்து ஏறுவது முடியாது. அதனால் பரிசல்காரர் பரிசலைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு கரையோரமாக மேலே நடக்கிறார். தூரத்தில் இருந்து பார்த்தால் பெரிய ஆமை ஒன்று எழுந்து நடப்பது போல இருக்கும். கனடாக்காரர்கள் தோளில் சுமந்ததும் இதே வேலைதான். இங்கிலாந்துக்குப் பக்கத்தில் வேல்ஸ் நாட்டு ஆறுகளிலும் இதே மாதிரிக் கூடைப்படகு உண்டு. இரண்டு படகு, நடுவில் ஒரு வலை, அப்படி மீன் பிடிப்பார்கள். முடிந்ததும் முதுகில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

அடுத்த கேள்வி, எந்த ஆறு?

பக்கத்தில் இருப்பது நொய்யல். அதைச் சொன்னதும் தறி வீட்டுப் பையனின் அப்பா ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் இருபது வருடம் இருந்தது. 1992ல் ஒரத்துப்பாளையத்தில் நொய்யலுக்குக் குறுக்கே அணை கட்டினார்கள், பாசனத்துக்கென்று. அந்த நேரம்தான் திருப்பூரில் பனியன் ஏற்றுமதி எகிறியது. சாயப்பட்டறைக் கழிவு ஆற்றில் இறங்கி அணையில் வந்து நின்றது. பயிருக்கென்று கட்டிய அணையைத் திறக்காதே என்று விவசாயிகளே கேட்கிற நிலைமை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. பிறகு கழிவை வெளியே விடாமல் முழுக்கச் சுத்திகரித்தால்தான் ஓட்டலாம் என்ற ஏற்பாட்டோடு திரும்ப ஓடின. ஆனாலும் ஆற்றின் மேல் போன நம்பிக்கை அவ்வளவு சீக்கிரம் திரும்புவதில்லை. மெர்ச்சண்டைசர் பையன் இந்தப் பேச்சு வந்தால் செல்போனைப் பார்க்க ஆரம்பித்துவிடுவான். அவன் சம்பளமும் அதே சாயத்தில் இருந்துதான் வருகிறது. அவனை மட்டும் சொல்லிப் பயனில்லை. நாலு வீட்டிலும் யாராவது ஒருவர் பனியனிலோ நூலிலோ தறியிலோதான் சாப்பிடுகிறார்கள்.

இரண்டாவது யோசனை மாயாறு. நீலகிரிக்குப் பின்பக்கம், முதுமலைக்கும் சத்தியமங்கலத்துக்கும் நடுவே ஓடிவந்து பவானிசாகரில் விழுகிற ஆறு. அதன் கரையில் தெங்குமரஹடா என்று ஒரு ஊர். காட்டுக்குள்ளே கரடுமுரடான வழியில் பஸ் போகும். கடைசியில் ஆற்றைத் தாண்டப் பரிசல்தான். பெயரைக் கேட்டதுமே நாலு பேருக்கும் பிடித்துப்போனது. ஆனால் அது புலிகள் காப்பகத்தின் நடுவில் இருக்கிறது. வனத்துறை அனுமதி இல்லாமல் வெளியாள் உள்ளே போக முடியாது, போய்த் தூண்டில் போடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. தவிர மாயாற்றில் முதலை உண்டு. "முதலை என்ன பண்ணும்?" என்று ரைஸ்மில் பையன் கேட்டான். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

மிச்சம் இருந்தது காவிரி. இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது.

கர்நாடகத்தில் சங்கமம் தாண்டிக் காவிரி காட்டுக்குள் இறங்கி ஒகேனக்கல் வரைக்கும் வருகிற நீளம் இருக்கிறதே, அது உலகம் முழுக்கத் தூண்டில்காரர்களுக்குத் தெரிந்த இடம். பீமேஸ்வரி, தொட்டமக்களி, காலிபோரே என்று மூன்று முகாம்கள். லண்டனில் இருந்தெல்லாம் வந்து தங்குவார்கள். எல்லாம் ஒரே மீனுக்காக. மஹ்சீர். கெண்டைக் குடும்பத்தின் பெரியண்ணன். உள்ளங்கை அகலத்துக்குச் செதில், தடித்த உதடு. அதிலும் காவிரியில் இருப்பது முதுகில் திமில் வைத்த ரகம். காங்கேயம் காளைக்கு இருப்பது போல என்று சொன்னால் வெள்ளகோவில்காரர்களுக்குச் சட்டென்று புரியும். 1946ல் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் என்பவர் கபினி ஆற்றில் பிடித்தது 120 பவுண்டு, அதாவது 54 கிலோ. அவர் குடும்பம்தான் மகாராஜாக்கள் சுட்ட புலிகளைப் பாடம் செய்து கொடுத்த பிரபலமான குடும்பம்.

இந்த மீனுக்கு இரை என்ன தெரியுமா? ராகிக் களி. வெள்ளைக்காரர்கள் ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கிய தூண்டிலின் முனையில் எலுமிச்சை அளவுக்கு ராகி உருண்டையைப் பொதிந்து பாறை இடுக்கில் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்தில் உள்ளூர் வழிகாட்டி ஒருவர் இருப்பார். அவர்களில் சிலர் முன்பு வெடி போட்டு மீன் பிடித்தவர்கள். அந்தப் பாறை இடுக்குகள் அவர்களுக்குத்தான் மனப்பாடம். பிடித்த மீனை எடைபோட்டு, போட்டோ எடுத்து, திரும்ப ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும் என்பது அங்கே விதி.

இதைக் கேட்டதும் குரூப்பில் பெரிய சண்டை. 

"விடறதுக்கு எதுக்குடா புடிக்கோணும்?"

"அது ஸ்போர்ட் மாப்ள."

"அந்த மீனைக் கேட்டுப் பாரு, ஸ்போர்ட்டான்னு."

தறி வீட்டுப் பையன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. பசிக்குப் பிடிப்பவன் மீனை ஒரு தடவை கொல்கிறான், பொழுதுபோக்குக்குப் பிடிப்பவன் அரை மணி நேரம் வதைத்துவிட்டு முத்தம் கொடுத்து அனுப்புகிறான். ஆனால் இந்தக் கதையின் அடுத்த பாதியைப் பார்த்தால் தீர்ப்பு அவ்வளவு சுலபமில்லை என்று தெரியும்.

காலிபோரே முகாமில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார்கள். யார் வந்தார், எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார், என்ன மீன், எத்தனை எடை, எல்லாம் அதில் எழுதியாக வேண்டும். 1998 முதல் 2012 வரைக்குமான பதிவை ஆய்வாளர்கள் எடுத்துக் கணக்குப் போட்டார்கள். 23,620 மணி நேரம், 6,161 மஹ்சீர். பெரியது 46.8 கிலோ. வருடம் போகப் போக மீன் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போயிருந்தது. சந்தோஷப்பட வேண்டியதுதானே? இல்லை. ஏறியதெல்லாம் நீலத் துடுப்பு மஹ்சீர். அது காவிரி மீனே அல்ல. மகாராஷ்டிராவின் லோனாவாலாவில் இருக்கும் பண்ணையில் குஞ்சு பொரித்து, மீன் பெருகட்டும் என்று நல்ல மனசோடு கொண்டுவந்து விட்டது. ஆற்றின் சொந்தக்காரனான திமில் மீன் அதே நோட்டுப் புத்தகத்தில் வருடா வருடம் குறைந்துகொண்டே வந்திருந்தது. மீனைக் காப்பாற்றப் போனவர்களே அதற்குப் போட்டியைக் கூட்டிவந்து வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். அவர்கள் நோட்டு எழுதாமல் இருந்திருந்தால் இந்த விஷயம் வெளியே வந்திருக்காது என்பதும் நிஜம்.

இன்னொரு வேடிக்கை. நூறு வருடத்துக்கு மேல் புத்தகத்திலும் போட்டோவிலும் புகழ்பெற்ற இந்தத் திமில் மீனுக்கு 2018 வரை சரியான அறிவியல் பெயரே கிடையாது. கேரளாவில் பாம்பாற்றில் பிடித்த சின்ன மீன்களுக்கு இரண்டு ஆய்வாளர்கள் ஏற்கெனவே டோர் ரெமாதேவி என்று பெயர் வைத்திருந்தார்கள், மீனியல் ஆய்வாளர் ரெமாதேவியைக் கௌரவித்து. மாயாற்றில் கிடைத்த திமில் மீனை 2018ல் ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் இரண்டும் ஒன்றே என்று தெரிந்தது. அதே வருடம் அழிவின் விளிம்பில் இருக்கும் இனங்களின் பட்டியலிலும் ஏறிவிட்டது. பெயர் கிடைத்ததும் முதல் வேலையாகக் கிடைத்த இடம் அந்தப் பட்டியல்.

பாம்பாறு எங்கே வருகிறது என்று பாருங்கள். மறையூர்ப் பக்கம் இருந்து கிழக்கே இறங்கிச் சின்னாற்றோடு சேர்ந்து அமராவதி அணைக்குத்தான் வருகிறது. அங்கிருந்து தாராபுரம், கரூர். ஆக, வெள்ளகோவிலுக்குத் தெற்கே போகிற ஆற்றின் தலைமாட்டிலேயே அந்த மீனின் சொந்தம் இருக்கிறது. இது தெரிந்த அன்றைக்கு நாலு பேரும் பைக் எடுத்துக்கொண்டு தாராபுரம் பாலத்துக்குப் போய் நின்று பார்த்தார்கள். கணுக்கால் தண்ணீர், ஆகாயத்தாமரை, நாலைந்து கொக்கு. பாலத்தின் மேலேயே டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தார்கள்.

சரி, காலிபோரே போய்விடலாமா என்றால், அதுவும் முடியாது. அந்த ஆற்று நீளம் காவிரி வனவிலங்கு சரணாலயத்துக்குள் வருகிறது. 1972ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் மீன் பிடிப்பதும் வேட்டைதான், திரும்ப விட்டாலும் வேட்டைதான் என்று ஆனதும் தூண்டில் முகாம்களை மூடினார்கள். மீன்பிடி முகாம் என்ற போர்டு இயற்கை முகாம் என்று மாறியது. தமிழ்நாட்டுப் பக்கமும் சும்மா இல்லை. 2014ல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம், 2022 நவம்பரில் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம். தெற்கு மட்டும் 686 சதுர கிலோமீட்டர், கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டக் காடு. யானை, புலி, நீர்நாய், முதலை எல்லாவற்றுக்கும் நல்லது. தூண்டில்காரர்கள் போனதால் வெடிபோடுகிறவர்களைக் கவனிக்க ஆற்றங்கரையில் ஆள் குறைந்துவிட்டது என்று மஹ்சீர் ஆய்வாளர்கள் கவலைப்படுகிறார்கள். வழிகாட்டியாக இருந்தவர்களின் பிழைப்பும் போனது. சட்டம் தப்பு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கரையில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்த மனுசனுக்குப் பதிலாக யாரை உட்கார வைப்பது என்று யோசிக்காமல் போட்ட பூட்டு அது.

இந்த இடத்தில் "ரகசியமா போய்ப் போட்டுட்டு வந்துரலாம்" என்று ஒரு குரல் எழுந்தது. யார் குரல் என்று ஊகித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருக்கிறவன் மேல் வனத்துறை வழக்கு ஒன்று விழுந்தால் என்ன ஆகும் என்று மெர்ச்சண்டைசர் நிதானமாகக் கேட்டான். குரல் அடங்கிவிட்டது.

ஆகவே பரிசல் ஒரு இடம், தூண்டில் இன்னொரு இடம் என்று பிரிக்க வேண்டியதாயிற்று. பரிசலுக்கு ஒகேனக்கல். அங்கே உரிமம் பெற்ற பரிசல்காரர்கள் இருக்கிறார்கள், லைஃப் ஜாக்கெட் கொடுக்கிறார்கள், எந்தப் பாறைக்குப் பின்னால் சுழல் என்று அவர்களுக்குத் தெரியும். தானே துடுப்புப் போட வேண்டும் என்ற ஆசையை மட்டும் மூட்டை கட்டி வைக்க வேண்டியிருந்தது. தூண்டிலுக்கு ரைஸ்மில் பையனின் மாமா தோட்டத்துப் பண்ணைக் குட்டை. கட்லா, ரோகு, கொஞ்சம் ஜிலேபி. "இதுக்கா இவ்வளவு பேசினோம்?" என்று தறி வீட்டுப் பையன் கேட்டான். மாமா குட்டையில் பிடித்தால் தின்னலாம் என்று பதில் வந்ததும் சமாதானமாகிவிட்டான்.

அடுத்தது தேதி. இதில்தான் இவர்கள் உண்மையிலேயே தப்பித்தார்கள் என்று சொல்ல வேண்டும். முதலில் குறித்தது ஆடிப்பெருக்கு. லீவு வசதி, ஆற்றில் தண்ணீர், எல்லாம் பொருத்தமாகத் தெரிந்தது. ஆனால் ஆடியில் காவிரியில் வருவது இங்கே பெய்த மழை இல்லை. குடகிலும் வயநாட்டிலும் பெய்து, கேஆர்எஸ்சும் கபினியும் நிரம்பி, அங்கே மதகைத் திறந்தால் இங்கே பிலிகுண்டுலுவில் அளவு எகிறும். தலைக்கு மேலே வானம் வெளுத்துக் கிடக்கும், காலுக்குக் கீழே ஆறு ஏறிக்கொண்டிருக்கும். 2024 ஜூலை கடைசியில் ஒகேனக்கல்லில் ஒரு லட்சம் கனஅடிக்கு மேல் வந்து, ஜூலை 30 அன்று மேட்டூர் 120 அடியைத் தொட்டது. அந்த மாதிரி நாட்களில் பரிசலுக்கும் குளிப்பதற்கும் மாவட்ட நிர்வாகம் தடை போட்டுவிடும். போட்டே ஆக வேண்டும். கோடையில் போனாலோ பாறைதான் மிச்சம். ஆக, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வெயில் ஏறுவதற்கு முன்னால், தை மாசி. பழைய தூண்டில் முகாம்களில் கூட்டம் இருந்ததும் கிட்டத்தட்ட அந்த மாதங்களில்தான்.

பிப்ரவரியில் ஒரு சனி, ஞாயிறு என்று முடிவாயிற்று. உடனே மெர்ச்சண்டைசர் தலையில் கை வைத்தான். சனிக்கிழமை திருப்பூரில் சம்பள நாள். ஷிப்மெண்ட் இருந்தால் ஒன்றரை ஷிப்ட். கண்டெய்னர் ஏறுகிற வரைக்கும் இவன் நகர முடியாது. அவனுக்கு லீவு கிடைப்பது பையரின் கையில், பையரோ ஜெர்மனியில். எங்கேயோ ஒரு கடையில் வெயில்காலச் சட்டை வந்து சேர வேண்டிய தேதி, வெள்ளகோவில் பையன் பரிசல் ஏறுகிற தேதியைத் தீர்மானிக்கிறது. வெள்ளி ராத்திரி ஷிப்மெண்ட் போய்விட்டால் வருவான், போகாவிட்டால் மூன்று பேர் போக வேண்டும் என்று ஏற்பாடு. மூன்று பேர் போவதாக இருந்தால் யாருமே போவதில்லை என்று மற்ற மூவரும் தனியாக ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். அது அவனுக்குத் தெரியாது.

பட்டியல் தயாரானது. தார்ப்பாய், டார்ச், கயிறு, உப்பு, மிளகாய்த்தூள், நரம்பு ஒரு கட்டு, முள் பத்து, ராகி மாவு அரைக் கிலோ (கட்லாவுக்கு ராகி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, அது ஒரு மரியாதை). கனடாக்காரர்கள் கிளம்புவதற்கு முன் எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று எழுதி யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போவார்களாம். இவர்களும் எழுதினார்கள். கொடுக்க வேண்டிய ஆள் அம்மாக்கள். அங்கேதான் நின்றது.

தறி வீட்டு அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"உங்க நாலு பேர்ல ஆருக்குடா கண்ணு நீச்சல் தெரியும்?"

பதில் இல்லை. நாலு பேரில் கல்லூரிப் பையனுக்கு மட்டும் தெரியும், அதுவும் ஹாஸ்டல் நீச்சல் குளத்தில் நாலடித் தண்ணீரில்.

இந்த வட்டாரத்தில் இதற்கு முந்தின தலைமுறையிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் கோபித்துக்கொண்டிருப்பார்கள். காங்கேயம், வெள்ளகோவில் பக்கத்துத் தோட்டங்களில் பாறையை உடைத்து இறக்கிய பெரிய பெரிய சதுரக் கிணறுகள் உண்டு. ஆறு இல்லாத ஊருக்கு அதுதான் ஆறு. முதுகில் சுரைக்குடுக்கை கட்டி, பிறகு காலி எண்ணெய் கேன் கட்டி, அப்பாவோ மாமாவோ மேலே இருந்து தள்ளிவிடுவார்கள். மூன்றாம் நாள் தானாக நீந்தும். பத்து வயதில் மோட்டார் ரூம் மேலிருந்து குதிக்காத பையன் கிடையாது. அப்புறம் கிணறுகள் வற்றின. ஆயிரம் அடிக்கு போர் போட்டார்கள். ஆயிரம் அடி ஆழத்தில் தண்ணீர் இருக்கிறது, ஆனால் ஆறங்குலக் குழாய்க்குள் யார் குதிப்பது? கிணறு போனதோடு நீச்சலும் போனது. தண்ணீர் இல்லாத ஊரில் நீச்சல் தெரியாதது ஒரு குறையாகவே தெரியவில்லை. வாய்க்காலில் தண்ணீர் விடுகிற அன்றைக்கு, அல்லது வெளியூர் ஆற்றைப் பார்த்து ஆசையாக இறங்குகிற அன்றைக்குத்தான் தெரிகிறது. வருடா வருடம் விடுமுறைக்குப் போய்த் தண்ணீரில் போன பிள்ளைகளைப் பற்றிச் செய்தி வருகிறதே, அதில் பாதிப் பேர் இப்படிப்பட்ட ஊர்க்காரர்களாகத்தான் இருக்க வேண்டும். லைஃப் ஜாக்கெட் இருக்கிறதே என்றால், இருக்கிறதுதான். போட்டோவுக்காக அதைக் கழற்றுகிற நிமிடம் ஒன்றும் இருக்கிறது.

அந்த அம்மா போக வேண்டாம் என்று சொல்லவில்லை. "அப்புச்சி தோட்டத்துக் கெணத்துல இந்த வருசம் தண்ணி கெடக்குது. போயி நீந்தக் கத்துக்கிட்டு வாங்க. பொறகு எந்த ஆத்துக்கு வேணாலும் போங்க" என்றார். அவ்வளவுதான்.

அப்புச்சிக்கு எழுபது தாண்டிவிட்டது. பிஏபியில் தண்ணீர் விட்ட சமயம் ஊற்று வந்து கிணற்றில் முக்கால் அளவு ஏறியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நாலு பேரும் போனார்கள். அவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து முருங்கைக்காய் கட்டிக்கொண்டிருந்தார், சந்தைக்கு.

"ஏனுங் அப்புச்சி, எத்தன நாளைல கத்துக்கலாமுங்க?"

"பயம் எத்தன நாளைல போவுதோ அத்தன நாளு" என்றார். கூடவே நிபந்தனையும் போட்டார். கிணற்றைக் கரையைத் தொடாமல் பத்துச் சுற்று வர வேண்டும். நாலு பேரும். அதுவரை பரிசல் பேச்சு எடுக்கக் கூடாது. சுரைக்குடுக்கைக்கு எங்கே போவது, ஆளுக்கொரு ஐந்து லிட்டர் கேன். ரைஸ்மில் பையன் முதல் நாள் படியை விட்டு இறங்கவே இல்லை. முதலைக்குப் பயப்படாதவன், கடைசிப் படியைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றான். மெர்ச்சண்டைசர் குதித்தான், தண்ணீர் குடித்தான், ஏறி வந்து வாந்தி எடுத்தான், மறுபடி குதித்தான்.

இது ஆறாவது ஞாயிறு. கல்லூரிப் பையன் பத்து முடித்துவிட்டான். மெர்ச்சண்டைசர் ஒன்பது, ஆனால் மார்ச் ஷிப்மெண்ட் முன்னால் வந்துவிட்டதாம். தறி வீட்டுப் பையன் ஏழு. ரைஸ்மில் பையன் கேனை அவிழ்த்துவிட்டு மூன்று சுற்று வந்துவிட்டான். நாலாவதில் படியைத் தொட்டுவிட்டான், தொடவில்லை என்று சத்தியம் செய்கிறான். அப்புச்சி ஒத்துக்கொள்ளவில்லை. ராகி மாவில் வண்டு விழுந்துவிட்டது, புதுசு வாங்க வேண்டும்.